சாதுவை மிரள வைத்தது எது?

வாசகர் கேள்வி:

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சிறு வயது முதலே பேச்சு சற்றுத் திக்கும். யாரிடமும் வம்புக்குப் போகாத பிள்ளை என்று தெருவே சொல்லும். ஓராண்டாக ஆளே மாறிவிட்டான். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்பான். வாரத்துக்கு இரண்டு பேனா தொலைப்பான். நான்காம் வகுப்பு படிக்கும் தங்கையைக் காரணமே இல்லாமல் அடிக்கிறான். சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையனின் கையைக் காம்பஸ் முனையால் கிழித்துவிட்டான். மூன்று தையல். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் என்னை மாதிரியே பேசிக் காட்டுகிறார்கள், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட" என்றான். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அடிபட்ட பையனோ, "நான் ரப்பர்தான் கேட்டேன்" என்கிறான். குத்திய கையோடு என் மகனே தன் கைக்குட்டையை எடுத்து அந்தப் பையனின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று ஆசிரியை சொன்னார். தலைமை ஆசிரியர், "சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது இதுதான். டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்" என்கிறார். அந்த வீட்டார் போலீசுக்குப் போவோம் என்கிறார்கள். என் கணவர் லாரி ஓட்டுகிறார். கேள்விப்பட்டு வந்தவர் மகனைப் பெல்ட்டால் அடித்தார். அன்று இரவே பக்கத்து வீட்டுக்காரரிடம், "இப்போதாவது இவனுக்கு ரோஷம் வந்ததே" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் மகன் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான். என் மகன் அடிபட்டவனா, அடிக்கிறவனா? பெரியவனானால் ரவுடியாகிவிடுவானோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. (பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்.)

குழந்தைகள் மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். "அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட" என்று உங்கள் மகன் சொன்ன இடம் அது. அந்தச் சில சொற்களைச் சொல்லவே அவனுக்கு ஓராண்டு ஆகியிருக்கிறது.

திக்கிப் பேசும் பிள்ளைகள் பலர் என் அறையில் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். பட்டியலில் தனக்கு முன்னால் இருக்கும் பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். தன் முறை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும். மற்ற நேரங்களில் இவர்களுக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. வராத சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லைப் போட்டுப் பேசிவிடுவார்கள். "தண்ணீர்" நாக்கில் ஏறவில்லையென்றால் "குடிக்க ஏதாவது கொடு" என்பார்கள். "உள்ளேன் அம்மா" என்பதற்கு மாற்றுச் சொல் கிடையாது. தன் பெயருக்கும் கிடையாது. அதனால்தான் திக்குகிறவர்களுக்குத் தன் பெயரைச் சொல்வதும் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதும் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கின்றன. "உ... உ..." என்று அவன் தொடங்கும்போது பின் பெஞ்சிலிருந்து இன்னொரு குரலும் "உ... உ..." என்கிறது. வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியை அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். ஒரு கல்வியாண்டில் பள்ளி நடப்பது ஏறக்குறைய 200 நாட்கள். இது தினமும் நடந்திருந்தால் அத்தனை நாட்களையும் உங்கள் மகன் இந்தச் சிரிப்போடுதான் தொடங்கியிருக்கிறான். திங்கட்கிழமை வயிற்றுவலி பொய் என்று நினைக்காதீர்கள். பயத்தில் குடல் உண்மையாகவே வலிக்கும்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். உங்கள் மகன் அடிபட்டவனும்தான், அடித்தவனும்தான். "அவனை இத்தனை நாள் கேலி செய்தார்கள், அதனால் குத்தினான்" என்று சொல்லிக் குத்தியதை ஒன்றுமில்லாததாக்கினால் அவன் அடுத்த முறையும் குத்துவான். "குத்தினான், ஆகவே குற்றவாளி" என்று சொல்லி ஓராண்டுக் கேலியை மூடி மறைத்தாலும் அடுத்த முறை குத்துவான். இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது அவனுக்கு வேண்டும். அது நீங்களாக இருக்க முடியும் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

இந்தக் கொடுமைக்கு நம் பேச்சில் இருக்கும் சொற்களெல்லாம் இலேசானவை. கேலி, கிண்டல், சீண்டல், வம்பு, "பசங்க விளையாட்டு". சொல் இலேசாக இருப்பதால் விஷயமும் இலேசாகத் தெரிகிறது. சிலர் கேலிவதை என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், வதை என்பது அதில் இருப்பதால். ஸ்வீடனில் பிறந்து நார்வேயின் பெர்கன் நகரில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயஸ் 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். அப்போது அங்கேயும் பெரும்பாலானவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1982இன் இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமைதான் காரணமாக இருக்கக்கூடும் என்று தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. மறு ஆண்டே நாடு தழுவிய அளவில் பள்ளிகளில் இதற்கு எதிரான இயக்கம் தொடங்கியது. கேலிவதைக்கு ஒல்வேயஸ் சொன்ன மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம். வேண்டுமென்றே செய்வது. திரும்பத் திரும்பச் செய்வது. செய்கிறவனுக்கும் படுகிறவனுக்கும் பலம் சமமாக இல்லாதிருப்பது. இரண்டு பையன்கள் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று கட்டிப்புரண்டால் அது சண்டை. மாலையில் சேர்ந்து ஐஸ் வாங்கித் தின்பார்கள். உங்கள் மகனுக்கு நடந்ததில் மூன்று அடையாளங்களும் இருக்கின்றன. தொலைந்துபோன பேனாக்களைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு பேனா தானாகத் தொலைவதில்லை.

இனி அந்த ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். உங்களை அதிகம் குழப்பியிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். அடிபட்ட பையன் ரப்பர் மட்டும்தான் கேட்டிருப்பான். உங்கள் மகனும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஒரு சிறுவன் படத்துண்டுகளைச் சேர்த்து ஒரு புதிரை அடுக்குகிறான். பிறகு, பக்கத்து அறையில் இன்னொரு பையன் அதைப் பார்க்கிறான் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பையனின் குரல் கேட்கிறது, புதிர் கலைகிற சத்தமும் கேட்கிறது. வேண்டுமென்றே கலைத்தான் என்று குரலிலேயே தெரிந்தால் எல்லாச் சிறுவர்களும் கோபப்பட்டார்கள். உதவி செய்யப்போய்த் தவறிக் கலைந்தது என்று தெரிந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்றா, தவறியா என்று தெளிவாகத் தெரியாதபோதுதான் வித்தியாசம் வந்தது. அடிதடிக்குப் பெயர்பெற்ற சிறுவர்கள் அதைப் பகையாகவே எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் தவறிப்போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இதை நம் ஊரில் விளக்க ஆராய்ச்சிக் கட்டுரையே வேண்டாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆனால் முதலில் அவனை அரள வைத்தது யார் என்று நாம் கேட்பதில்லை. ஓராண்டாக ஒரு பிள்ளை முதுகுக்குப் பின்னால் கேட்கும் ஒவ்வொரு சிரிப்பும் தன்னைப் பற்றியதுதானா என்று அளந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். பத்தில் எட்டு முறை அவன் கணிப்பு சரியாகவும் இருந்திருக்கும். அப்படிப்பட்ட வகுப்பில் எச்சரிக்கையாக இருப்பது புத்திசாலித்தனம்தான். உடல் அதற்கு ஏற்ப மாறிக்கொள்கிறது. தோள் இறுகுகிறது, தூக்கம் மெலிகிறது, கை எப்போதும் பாதி ஓங்கியே இருக்கிறது. ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் பையன் ஏதோ ஒரு பழைய நகைச்சுவையின் மிச்சச் சிரிப்போடு "டேய், ரப்பர் கொடு" என்று தோளைத் தொடுகிறான். மற்றவர்களுக்கு அது ரப்பர். உங்கள் மகனுக்கு அது இருநூற்றொன்றாவது நாள்.

கோபம் எல்லாம் ஒரே வகை இல்லை. அடிபட்டு அடிபட்டுச் சூடேறி, கண்மண் தெரியாமல் பாயும் கோபம் ஒன்று. செய்து முடித்ததும் செய்தவனே நடுங்கிப்போவான். இன்னொன்று ஆறிப்போன, கணக்குப் போட்ட வன்முறை. பேனாவைப் பிடுங்கினால் பேனா கிடைக்கிறது, பேசிக் காட்டினால் வகுப்பே சிரித்துத் தன்னைத் தலைவனாக்குகிறது என்று கண்டுகொண்டு செய்வது. பின் பெஞ்சிலிருந்து "உ... உ..." என்ற பையனிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. உங்கள் மகன் செய்தது முதல் வகை. எனக்கு இதைச் சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது அந்தக் கைக்குட்டை. குத்திய கையே ரத்தத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஓடவில்லை, சிரிக்கவில்லை, காம்பஸை ஒளிக்கவில்லை. இரக்கம் செத்துப்போன பிள்ளை அப்படி நிற்க மாட்டான். தலைமை ஆசிரியருக்கு அது பெரிதாகப் படவில்லை போலிருக்கிறது. அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, அதை நேரில் கண்ட ஆசிரியையையும் உடன் இருக்கச் சொல்லி, அதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே ரவுடியாகிவிடுவானோ என்ற பயத்தை இன்றைக்கு இறக்கி வையுங்கள். முழுவதுமாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1,420 பிள்ளைகளைச் சிறுவயது முதல் இளமை வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. கேலிவதைக்கு ஆளான பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பதற்றத்தாலும் அச்சத்தாலும் அதிகம் துன்பப்பட்டார்கள். ஆனால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள், வதைக்கப்பட்டும் பிறரை வதைத்தும் வந்த பிள்ளைகள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. பள்ளிகள் முதலில் வெளியே அனுப்ப நினைப்பதும் இவர்களைத்தான், ஏனென்றால் இவர்கள் தொல்லை வெளியே தெரிகிறது. வதையை மட்டுமே செய்துவந்தவர்களும் தப்புவதில்லை. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பிறரை வதைக்கிறவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட சிறுவர்களை ஒல்வேயஸ் தொடர்ந்து கவனித்தபோது, ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் 24 வயதுக்குள் ஒரு குற்றத்துக்காவது தண்டனை பெற்றிருந்தார்கள். பின் பெஞ்சுப் பையனின் தாய்க்கும் யாராவது இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

இந்த எண்கள் யாருடைய தலையெழுத்தும் இல்லை. தலையிடாமல் விட்டால் வண்டி எந்தப் பக்கம் உருளும் என்று மட்டும் அவை காட்டுகின்றன. நீண்டகால ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டியிருக்கின்றன. வதைபடுவது கோபத்தை வளர்க்கிறது; அந்தக் கோபம் வெடிக்கும் விதமே பிள்ளையை மேலும் வதைக்கு ஆளாக்குகிறது. பொங்கி எழுகிற பிள்ளையைச் சீண்டுவதுதான் வகுப்புக்குச் சுவாரஸ்யம். உங்கள் மகன் பள்ளிக்குத் திரும்பும்போது அவனை மீண்டும் சீண்டிப் பார்ப்பார்கள் என்று எதிர்பாருங்கள். இப்போது அவனுக்குப் புதுப் பட்டப்பெயர்கூட வந்திருக்கும்.

உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருத்தப்படாமல் கேட்க வேண்டுகிறேன். மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் சாலையில் கழிக்கும் மனிதர், மகனைப் பற்றி இப்படி ஒரு செய்தியைத் தொலைபேசியில் கேட்டால் மனம் என்ன பாடுபடும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் பெல்ட்டும் அன்றிரவுப் பேச்சும் சேர்ந்து பையனுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டன. பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை அடிக்கலாம், அடித்தால் ஆண்பிள்ளை என்று பெயரும் கிடைக்கும். இதே பாடத்தைத்தான் ஓராண்டாகப் பின் பெஞ்சும் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உங்கள் கணவர் மனத்தில் இருப்பதும் அதுதான். அந்தப் பழமொழியின் இன்னொரு பாதியையும் அவருக்கு நினைவூட்டுங்கள். குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்றுதான் அது முடிகிறது. "திருப்பி அடி" என்ற அறிவுரை சம பலம் உள்ளவர்களின் சண்டைக்கு ஒருவேளை பொருந்தலாம். இங்கே ஒரு பக்கம் ஒரு பையன், மறுபக்கம் சிரிக்கிற ஒரு வகுப்பு. திருப்பி அடிக்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது ஒரு கருவி இருந்தால்தான் முடியும் என்று அவன் கண்டுபிடித்தது காம்பஸை. "கண்டுகொள்ளாதே, தானாக விட்டுவிடுவார்கள்" என்பதும் சரியான பதில் இல்லை. அவன் ஓராண்டு கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்துவிட்டான்.

உங்கள் மகளை நான் மறக்கவில்லை. இந்தக் கதையில் யாரும் பேசாத ஆள் அவள்தான். பள்ளியில் வாங்கியதை அண்ணன் வீட்டில் அவளிடம் இறக்கி வைக்கிறான். கோபம் தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி ஓடும். உங்கள் வீட்டில் ஆகச் சிறியவள் அவள். இன்றைக்கே ஒரு விதி வையுங்கள். இந்த வீட்டில் யாரும் யாரையும் கை நீட்டுவதில்லை. அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. அவளைத் தனியாக உட்கார வைத்து, அண்ணன் அடித்தால் அது உன் தப்பு இல்லை, உடனே என்னிடம் வா என்று சொல்லுங்கள். சில நாட்கள் இருவரையும் தனியாக வீட்டில் விட வேண்டாம்.

மகனிடம் எப்படிப் பேசுவது? எதிரில் உட்கார வைத்து விசாரணை நடத்தினால் பேச மாட்டான். திக்கிப் பேசும் பிள்ளைக்கு முகத்தைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வியே ஒரு வருகைப் பதிவுதான். இருவரும் ஏதாவது வேலை செய்துகொண்டே பேசுங்கள். பூண்டு உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசினால் சொற்கள் இறங்கி வரும். அவன் திக்கும்போது சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். "மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்துவிடு" என்றும் சொல்லாதீர்கள். காத்திருங்கள். முதலில் சொல்ல வேண்டியது, "உனக்கு இத்தனை நாள் நடந்தது அநியாயம், எனக்குத் தெரியாமல் போனதற்கு வருந்துகிறேன்" என்பது. அது அவன் மனத்தில் இறங்க நேரம் கொடுங்கள். ஒரு நாள்கூட ஆகட்டும். அதன் பிறகு, "அந்தப் பையன் கையில் தையல் போட்டிருக்கிறது. அதைச் செய்தது நீ. அதைச் சரிசெய்ய நாம் இருவரும் சேர்ந்து போவோம்" என்பது. இரண்டுக்கும் நடுவில் "ஆனால்" என்ற சொல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் முதலில் சொன்னதையெல்லாம் அழித்துவிடும்.

யார் யார், எங்கே, எந்த நேரத்தில் என்று அவன் சொல்வதை அன்றன்றே ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கழிப்பறையா, சத்துணவு வரிசையா, பஸ் நிறுத்தமா என்று இடம் முக்கியம். கேலி எதைப் பற்றியது என்றும் கேளுங்கள். திக்குவதைப் பற்றி மட்டும்தானா, நிறம், உடல், அப்பாவின் தொழில், சாதி என்று ஏதாவது கலந்திருக்கிறதா என்று அறிந்துகொள்வது அவசியம். இன்னொன்றையும் நேராகக் கேட்க வேண்டும்: "செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், வராது. ஆமாம் என்று சொன்னாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடிபட்ட பையன் வீட்டுக்கு நீங்களே போங்கள். அவர்கள் கோபம் நியாயமானது. மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். முதல் நாள் மகனை அழைத்துப் போக வேண்டாம். கூட்டத்துக்கு நடுவில் தலைகுனிய வைப்பது இன்னொரு வருகைப் பதிவாகிவிடும். அவன் தயாரானதும் அந்தப் பையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்கட்டும். பேச வராது என்று தயங்கினால் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் அவன் கையெழுத்தில், அவன் சொற்களில் இருக்க வேண்டும்.

போலீஸ் பயத்துக்கு: பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படிதான் நடத்த முடியும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது. குறைந்தது ஏழு ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவதில்லை. காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் குறித்து, பிள்ளையின் சமூகப் பின்னணியை எழுதி இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். டி.சி. பயத்துக்கு: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 16இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. நீங்களாக விண்ணப்பித்து வாங்கினால் மட்டுமே டி.சி. கொடுக்கலாம். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 17 பள்ளியில் பிள்ளைக்கு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

வேறு பள்ளிக்கு மாற்றுவதை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு அது மூச்சுவிட இடம் தந்திருக்கிறது. ஆனால் குற்றவாளி என்ற பெயரோடு, திக்கும் பேச்சோடு புதுப் பள்ளிக்குப் போனால் அங்கேயும் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும்.

தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். மகன் செய்ததையும் அவனுக்குச் செய்யப்பட்டதையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கொடுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் உங்களைப் போன்ற பெற்றோர்தான். மூன்று விஷயங்களைக் கேளுங்கள் என்பேன். ஒன்று மிகச் சிறியது, நாளைக்கே செய்யக்கூடியது: வருகைப் பதிவை அந்த வகுப்பில் எல்லாரும் கை உயர்த்திச் சொல்லும்படி மாற்றுவது. உங்கள் மகனுக்கு மட்டும் சலுகை என்று வேண்டாம், வகுப்புக்கே அப்படி. ஆசிரியைக்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூடச் செலவாகாது. இரண்டாவது, உங்கள் நோட்டில் பெயர் வரும் இரண்டு மூன்று பையன்களிடம் தனித்தனியாகப் பேசுவதும் அவர்கள் பெற்றோரை அழைப்பதும். அவர்களையும் உங்கள் மகனையும் எதிரெதிரே உட்கார வைத்து "கை குலுக்கிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவைப்பதை ஏற்காதீர்கள். சண்டையைத்தான் சமரசம் செய்யலாம். வதையைச் சமரசம் செய்ய முடியாது, நிறுத்தத்தான் வேண்டும்.

மூன்றாவது பாதுகாப்பு. இதைச் சொல்லும்போது என் நினைவில் இருப்பது நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பட்டியல் சமூகத்து பிளஸ் டூ மாணவர், சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஆசிரியர்கள் விசாரித்தார்கள், அவரும் நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு அந்த மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்கும் வழிகள் பற்றி, அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உங்கள் மகன் நிலைமை அவ்வளவு தூரம் போகும் என்று சொல்லவில்லை. "சொன்னால் இன்னும் அதிகமாகச் செய்வார்கள்" என்று பிள்ளைகள் பயப்படுவது வீண் பயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். புகார் வாங்கிக்கொண்ட நிமிடத்திலிருந்து புகார் சொன்னவனைக் காப்பது பள்ளியின் வேலை. இடைவேளையில் அந்தப் பக்கம் எந்த ஆசிரியர் இருப்பார், பள்ளி விட்டதும் பஸ் நிறுத்தம்வரை யார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும், குழந்தைகள் உதவி எண் 1098இலும் சொல்லலாம்.

வகுப்பில் உள்ள எல்லாரும் உங்கள் மகனுக்கு எதிரிகள் இல்லை என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி 1990களில் செய்த ஆய்வுகளின்படி, வதையை நடத்துகிறவர்கள் சிலர்தான். சிலர் எடுபிடிகள், சிலர் சிரித்து ஊக்கம் கொடுக்கிறவர்கள், பலர் தலையைக் குனிந்துகொண்டு தன்மேல் திரும்பாமலிருந்தால் போதும் என்று இருப்பவர்கள். கனடாவில் பள்ளி மைதானங்களில் நடந்த வதைகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். பத்தில் ஏறக்குறைய ஒன்பது நிகழ்வுகளில் சக மாணவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடுத்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் யாராவது தடுத்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடிகளில் அது நின்றுபோனது. ஒரே ஒரு தோழன் "டேய், போதும் விடு" என்றால் போதும். தலையைக் குனிந்துகொள்ளும் அந்தப் பலரில் ஒருவன் யார் என்று உங்கள் மகனுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். பக்கத்து பெஞ்சில் அவனை உட்கார வைக்க ஆசிரியையிடம் கேளுங்கள்.

கடைசியாக, திக்குவது. இத்தனை ஆண்டுகளில் அதற்காக யாரிடமும் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். பல பிள்ளைகளுக்குச் சரியாகவும் ஆகும். பதின்மூன்று வயதுவரை நீடித்திருந்தால் பேச்சுப் பயிற்சி அவசியம். பதினெட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இயங்கும் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை) மையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கேயே குழந்தைகள் மனநலப் பிரிவில் என்னைப் போன்ற ஒருவரையும் பார்த்து, கோபம் ஏறும்போது உடலில் முதலில் தெரியும் அறிகுறி எது என்று கண்டுபிடிக்க அவனுக்குப் பழக்கிவிடச் சொல்லுங்கள். சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குக் கை விரல் மடங்கும். அது தெரிந்தவுடன் எழுந்து வெளியே போக ஆசிரியையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைக்கலாம். அதுவரை பையிலிருந்து காம்பஸை எடுத்துவிடுங்கள்; வடிவியல் பாடத்துக்குத் தேவைப்படும்போது ஆசிரியையிடமிருந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொரு செய்தி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். திக்குகிறவர்கள் பாடும்போதும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது அவனைக் கவனித்துச் சொல்லும்படி ஆசிரியையைக் கேட்டுப் பாருங்கள். தங்கைக்கு இரவில் பாடப்புத்தகச் செய்யுளை அவன் சேர்ந்து படித்துக் காட்டட்டும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். பள்ளியில் என்ன சொன்னார்கள் என்பதோடு, தங்கை அவன் பக்கத்தில் உட்காரத் தொடங்கிவிட்டாளா என்பதையும் எழுதுங்கள்.